பெரிய தொழில் சங்கங்க சொல்றதுதான் நாட்டோட பொருளாதாரக் கொள்கையா? டெல்டாவுல இருந்து ஒரு விரிவான பதில்

மன்னார்குடி தம்பி ஒருத்தர் கேட்டது இதுதான். ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் முன்னாடி ஃபிக்கி, சிஐஐ, அசோசெம்னு பெரிய முதலாளிங்க சங்கத்துக்காரங்க நிதியமைச்சரோட உக்காந்திருக்கற போட்டோ பேப்பர்ல வருது, அவங்க சொல்றதுதான் கடைசில கொள்கையா வருதா, அப்ப ஓட்டு போட்ட நாம எதுக்கு, நம்ம பக்கத்து நெல்லுக்காரருக்கும் தென்னந்தோப்புக்காரருக்கும் சின்ன வியாபாரிக்கும் அதுல எங்க இடம்னு கேட்டிருந்தாரு. நான் கும்பகோணத்துல வரி ஆலோசகரா இருக்கேன், ரைஸ் மில்லு, எண்ணெய்க்கடை, பாத்திரப் பட்டறைன்னு கணக்கு பாக்கறதால சுங்க வரி, ஜிஎஸ்டி அறிவிக்கைகளைப் படிக்கறதே பொழப்பா இருக்கு. அந்த இடத்துல இருந்து எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

முதல்ல நேரடி பதில். அவங்க சொல்றது எல்லாம் நடக்கறதில்ல. 1969ல 14 பேங்குகளை நாட்டுடைமை ஆக்கினப்ப அவங்ககிட்ட சம்மதம் கேட்டு செய்யல. 2013 நிலம் கையகப்படுத்தற சட்டத்துல செலவு ஏறிப்போகும்னு அவங்க சொல்லிகிட்டே இருந்தாங்க, அதைத் தளர்த்தி 2014 டிசம்பர்ல அவசரச் சட்டம் வந்துச்சு, அதை வரவேற்றாங்க, ஆனா 2015 ஆகஸ்ட்ல அது காலாவதி ஆயிடுச்சு. 2020 வேளாண் சட்டங்களையும் ஃபிக்கியும் சிஐஐயும் வரவேற்றாங்க, ஒரு வருஷத்துக்கு மேல டெல்லி எல்லையில விவசாயிங்க உக்காந்தாங்க, 2021 நவம்பர்ல வாபஸ் ஆச்சு. அதனால முதலாளிங்க சங்கம்தான் நாட்டை ஓட்டுதுன்னு ஒரே வரில சொன்னா அது சரியில்ல.

ஆனா மேல சொன்னதெல்லாம் பெரிய சத்தம் எழும்பின விஷயங்க. சத்தமே இல்லாம நடக்கற விஷயம் எத்தனையோ இருக்கு, எந்த எண்ணெய்க்கு எத்தனை சதவீதம் இறக்குமதி வரி, எத்தனை கிலோ மூட்டைக்கு ஜிஎஸ்டி, எத்தனை பேர் வேலை செய்யற ஃபேக்டரில ஆளை வேலையை விட்டு நிறுத்த அரசு அனுமதி வேணும், இந்த மாதிரி. அவங்க பலம் முழுக்க அங்கதான் இருக்கு. ஒரு விதியோட வரைவை எழுதற நேரத்துல அந்த அதிகாரியோட டேபிள்ல நம்பரோட, வரிக்குறியீட்டோட, ரெடியா ஒரு பேப்பரை வச்சிருக்கறவங்க யாருங்கறதுதான் விஷயமே. வந்த திட்டத்தை நிறுத்தறதுல டெல்டாக்காரங்க கெட்டிக்காரங்க, நிறுத்திக் காட்டியிருக்கோம். ஆனா விதியை எழுதற இடத்துல நம்ம ஆளுன்னு ஒருத்தர் கூட கிடையாது, எனக்கு இதுல இருக்கற கவலை அதுதான்.

கொஞ்சம் பழைய கதை சொல்லணும். இந்த சங்கங்க ஆரம்பிச்சதே கொள்கைச் சண்டைக்காகத்தான். அசோசெம் 1920ல வெள்ளைக்கார வர்த்தக சபைங்க சேர்ந்து ஆரம்பிச்சது. அதுக்கு எதிரா இந்திய முதலாளிங்களுக்குன்னு 1927ல ஜி.டி.பிர்லா, புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸ் மாதிரி ஆளுங்க சேர்ந்து ஃபிக்கியை ஆரம்பிச்சாங்க. அந்த நேரத்துல பெரிய சண்டை ரூபாய் மதிப்பு பத்தி, ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ்னு வெள்ளைக்கார அரசு வச்சுது, தாக்கூர்தாஸ் 1 ஷில்லிங் 4 பென்ஸ்தான் சரின்னு, இதை ஆராய அரசு போட்ட கமிஷனோட அறிக்கையிலயே மறுப்பு எழுதினாரு. ரூபாய் மதிப்பை ஏத்தி வச்சா வெளிநாட்டு சரக்கு மலிவா இறங்கும், இங்க விளையறதுக்கு விலை கிடைக்காது, இதுதான் வாதம். இது பம்பாய்க்காரன் பிரச்சனை மட்டும் இல்ல, 1930கள்ல உலகம் முழுக்க விலை சரிஞ்சு, பர்மா அரிசியும் சயாம் அரிசியும் மெட்ராஸ் மாகாணத்துல வந்து இறங்கினப்ப தஞ்சாவூர் நெல்லு விலை படுத்துப்போச்சு, இறக்குமதி அரிசிக்கு வரி போடுங்கன்னு மிராசுதாருங்க கேட்டாங்க. அதாவது ஒரு காலத்துல நம்ம ஜில்லாவுல இருந்தும் வரி விகிதம் பத்தி மனு போயிருக்கு, போட்டவங்க பெரிய நிலக்காரங்கதான், பண்ணையாளுக்கு அதுல குரல் கிடையாது, அதையும் சேர்த்தே சொல்லணும்.

அப்புறம் 1944ல வந்த பம்பாய் திட்டம். ஜே.ஆர்.டி.டாடா, பிர்லா, தாக்கூர்தாஸ், கஸ்தூர்பாய் லால்பாய், ஸ்ரீராம், ஆர்தேஷிர் தலால், ஏ.டி.ஷ்ராஃப், ஜான் மத்தாய்னு எட்டு பேர் சேர்ந்து 15 வருஷத்துல 10,000 கோடி ரூபாய் செலவு பண்ணி தனிநபர் வருமானத்தை ரெட்டிப்பாக்கணும்னு எழுதினாங்க. விவசாய உற்பத்தி 130 சதவீதமும் தொழில் உற்பத்தி 500 சதவீதமும் கூடணும்னு கணக்கு. இதுல கவனிக்க வேண்டியது, முதலாளிங்களே அரசு தலையிடணும், கனரகத் தொழில்ல அரசு பணம் போடணும்னு கேட்டாங்க, ஏன்னா அவங்ககிட்ட அவ்வளவு மூலதனம் இல்ல, வெளிநாட்டுப் போட்டில இருந்து பாதுகாப்பும் வேணும். நேரு காலத்து திட்டமிடல் முதலாளிங்க மேல திணிச்சதுன்னு இப்ப பேசறவங்க இதைப் படிக்கணும். அந்த எட்டு பேர்ல ஒருத்தரான ஜான் மத்தாய் சுதந்திர இந்தியாவோட ரெண்டாவது நிதியமைச்சர் ஆனாரு, அவரே 1950ல திட்டக்குழுவுக்கு அதிகாரம் அதிகம்னு சொல்லி ராஜினாமாவும் பண்ணாரு. அப்ப முதலாளிங்க சங்கம்னா ஒரே குரல்னு நினைக்க வேண்டாம், காலத்துக்குத் தக்கபடி, யாருக்கு எது லாபமோ அதுக்குத் தக்கபடி மாறும். 1991க்கு அப்புறமும் அப்படித்தான், 1993ல ராகுல் பஜாஜ் மாதிரி பெரிய தொழிலதிபருங்க பம்பாய் கிளப்னு பேர் வாங்கி, வெளிநாட்டுக் கம்பெனிக்கு இவ்வளவு சீக்கிரம் கதவைத் திறக்காதீங்கன்னு கேட்டாங்க, அதே நேரத்துல தருண் தாஸ் நடத்தின சிஐஐ தாராளமயத்துக்கு ஆதரவா நின்னுச்சு. சிஐஐங்கறது 1895ல ஆரம்பிச்ச ஒரு இன்ஜினியரிங் தொழில் சங்கத்துல இருந்து படிப்படியா வளர்ந்தது, இந்தப் பேர் வந்ததே 1992லதான்.

1991க்கு முன்னாடி, தொழில் தொடங்கவே அரசு லைசென்ஸ் வேணும்னு இருந்த காலத்துல, ஒவ்வொரு முதலாளியும் தனித்தனியா டெல்லில ஆளு வச்சு அவங்கவங்க ஃபைலை நகர்த்துனாங்க, சங்கத்துக்கு பெருசா வேலை இல்ல. லைசென்ஸ் போனதுக்கு அப்புறம் போராட வேண்டியது ஃபைலுக்கு இல்ல, எல்லாருக்கும் பொதுவான விதிக்கு. அப்பதான் சங்கம் பலமாச்சு. இப்ப எப்படி வேலை நடக்குதுன்னா, மழைக்காலத்துல நாம சம்பா நாத்துக்கு அலையற சமயத்துலதான் பட்ஜெட்டுக்கு யோசனை சொல்லுங்கன்னு வருவாய்த் துறைல இருந்து தொழில் சங்கங்களுக்குக் கடிதம் போகும். அவங்ககிட்ட வரிக்குன்னு ஒரு குழு, ஏற்றுமதிக்குன்னு ஒரு குழு, தொழிலாளர் சட்டத்துக்குன்னு ஒரு குழு வருஷம் பூரா சம்பளத்துக்கு வேலை பாக்குது. எந்தப் பொருள், அதோட எட்டு இலக்க வரிக்குறியீடு, இப்ப இருக்கற விகிதம், கேக்கற விகிதம், காரணம், அரசுக்கு வருமானம் எவ்வளவு குறையும், இப்படி அட்டவணை போட்டு குடுப்பாங்க. அதிகாரிக்கு அதை அப்படியே குறிப்புல ஏத்திக்கலாம். பெரிய ஆலோசனை கம்பெனியைச் சேர்த்துகிட்டு அறிக்கை வெளியிடுவாங்க, மாநாடு நடத்துவாங்க, அமைச்சர், செயலர் எல்லாரும் வந்து பேசுவாங்க. பட்ஜெட் முடிஞ்ச கையோட திரும்பவும் கூட்டம். 2023ல ஜி20 இந்தியால நடந்தப்ப அதோட வணிகப் பிரிவான பி20க்கு செயலகமா இருந்ததே சிஐஐதான். ஃபிக்கில பல வருஷம் பொதுச் செயலாளரா இருந்த அமித் மித்ரா 2011ல மேற்கு வங்கத்துக்கு நிதியமைச்சராவே ஆயிட்டாரு. இதுல எதுவும் சட்டவிரோதம் இல்ல. லஞ்சம் குடுத்துதான் காரியம் சாதிக்கறாங்கன்னு நினைச்சுகிட்டு இருந்தா முக்கால்வாசி நம்ம கண்ணுக்குத் தெரியாமப் போயிடும், உழைப்பும் தொடர்பும் தொடர்ச்சியும்தான் அவங்க முதல்.

நிதியமைச்சர் விவசாய சங்கங்களையும் தொழிற்சங்கங்களையும் கூப்பிட்டுப் பேசறாங்கதான், இல்லன்னு சொல்லல. ஒரு நாள், சில மணி நேரம், ஒருத்தருக்கு சில நிமிஷம். குறைந்தபட்ச ஆதரவு விலை, கடன் தள்ளுபடி, உர மானியம்னு பொதுவா சொல்லிட்டு வருவாங்க. மறுநாள்ல இருந்து அந்தக் கோரிக்கையைத் தொடர்ந்து விசாரிக்க அங்க ஆபீஸ் கிடையாது.

வேகத்துல எவ்வளவு வித்தியாசம்னு பாருங்க. 2019 செப்டம்பர் 20, கோவால ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் இருந்த அன்னிக்கு காலைல நிதியமைச்சர் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு கம்பெனி வரியை 30ல இருந்து 22 சதவீதமா, புதுசா தொடங்கற உற்பத்தி கம்பெனிக்கு 15 சதவீதமா குறைச்சிட்டோம்னு சொன்னாங்க, அன்னிக்கே அவசரச் சட்டம் வந்துச்சு, அரசுக்கு வருஷம் 1.45 லட்சம் கோடி ரூபாய் வருமானம் குறையும்னும் அவங்களே சொன்னாங்க. இது திடீர்னு வந்த யோசனை கிடையாது, வரியைக் குறைங்கன்னு சங்கங்க பல வருஷமா எழுதிகிட்டு வந்தது, 2015 பட்ஜெட்லயே 25க்குக் கொண்டு வரேன்னு அருண் ஜெட்லி சொல்லியிருந்தாரு, பொருளாதாரம் மந்தமான நேரம் வந்ததும் ரெடியா இருந்த பேப்பர் வெளிய வந்துச்சு. அதனால எதிர்பார்த்த அளவு முதலீடு வந்துச்சான்னு பொருளாதாரம் படிச்சவங்க இன்னும் விவாதிக்கறாங்க, ஆனா 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையே, 2020க்கும் 2023க்கும் நடுவுல 33,000க்கு மேல கம்பெனிங்களோட கணக்கைப் பாத்தா வரிக்கு முந்தின லாபம் கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆயிருக்கு, ஆள் எடுக்கறதும் சம்பளமும் அந்த அளவுக்கு ஏறலன்னு எழுதியிருக்கு. சொன்னது எதிர்க்கட்சி இல்ல, அரசோட அறிக்கை.

இதோட நம்ம கொள்முதல் நிலையத்தை வச்சுப் பாருங்க. நெல்லு ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு மத்திய விதி. அக்டோபர்ல குறுவை அறுப்பு, அதே நேரத்துல வடகிழக்குப் பருவமழை, இது நேத்து இன்னிக்கு வந்த மழை இல்ல. ரோட்டோரம் கொட்டின நெல்லு முளைக்க ஆரம்பிக்கும், 22 வரைக்கும் எடுத்துக்கங்கன்னு விவசாயிங்க கேப்பாங்க, மாநில அரசு டெல்லிக்கு கடிதம் எழுதும், மத்தியக் குழு வரும், கொள்முதல் நிலையம் கொள்முதல் நிலையமா போய் சாம்பிள் எடுக்கும், லேபுக்குப் போகும், அப்புறம் ஒரு உத்தரவு வரும், 2022 அக்டோபர்ல 19 வரைக்கும் விட்டாங்க. அதுக்குள்ள பாதி பேர் வந்த விலைக்கு வியாபாரிகிட்ட தள்ளிட்டு கடனைக் கட்டியிருப்பாங்க. அடுத்த வருஷமும் இதே கதை. டெல்டாவுக்கு அக்டோபர் ஈரப்பதம் வேற, பஞ்சாப்புக்கு வேறன்னு நிரந்தரமா ஒரு விதி வேணும்னு, இருபது வருஷ மழைக்கணக்கோட ஒரு மனு வருஷா வருஷம் விடாம போயிருந்தா இந்நேரம் மாறியிருக்கும்னுதான் நான் நினைக்கறேன்.

அடுத்தது எனக்கு நேரடியாத் தெரிஞ்ச அரிசி ஜிஎஸ்டி. 2017ல பதிவு பண்ண பிராண்ட் பேர்ல விக்கற அரிசிக்கு மட்டும் 5 சதவீதம்னு வச்சாங்க. பல மில்லுக்காரங்க பிராண்டைப் பதிவுல இருந்து எடுத்துட்டு, உரிமை கோர மாட்டோம்னு எழுதிக் குடுத்துட்டு வரி இல்லாம வித்தாங்க. 2022 ஜூலை 18ல இருந்து விதி மாறுச்சு, பிராண்ட் இருக்கோ இல்லையோ 25 கிலோ வரைக்கும் பேக் பண்ணி லேபிள் ஒட்டின அரிசி எல்லாத்துக்கும் 5 சதவீதம். தஞ்சாவூர், திருவாரூர் பக்கமெல்லாம் அரிசி ஆலைங்க கடையடைப்பு பண்ணாங்க, மனு குடுத்தாங்க. அப்ப எழுந்த கோபத்துக்கு நிதியமைச்சர் விளக்கம் குடுத்தப்ப ஒரு விஷயம் சொன்னாங்க, ஒழுங்கா வரி கட்டிகிட்டு இருந்த சப்ளையருங்களும் தொழில் சங்கங்களுமே, தவறா பயன்படுத்தறதைத் தடுக்க எல்லா பாக்கெட்டுக்கும் ஒரே மாதிரி வரி போடுங்கன்னு அரசுக்கு எழுதினாங்க, கவுன்சில்ல எல்லா மாநிலமும் சேர்ந்துதான் முடிவு பண்ணோம்னு. இந்த ஒரு விளக்கத்துல மொத்த வழிமுறையும் இருக்கு. பெரிய பிராண்டுக்காரங்களுக்கு சின்ன மில்லோட போட்டி ஒரு பிரச்சனை, அவங்க வாதத்துலயும் நியாயம் இருக்கு, வரி ஏய்ப்பு நடந்தது உண்மை. ஆனா அவங்க எழுதினாங்க, அரசு குழு அமைச்சுது, குழு பரிந்துரை குடுத்துச்சு, கவுன்சில் ஏத்துகிச்சு, இதெல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம்தான் நம்ம மில்லுக்காரங்களுக்கு விஷயமே தெரியும். அப்புறம் 26 கிலோ சிப்பம் வந்துச்சு, இன்னிக்கும் கடைல பாக்கறீங்களே அது இதனால வந்ததுதான். மாசம் அஞ்சு கிலோ, பத்து கிலோ வாங்கற கூலிக்காரங்க வரியோட வாங்கறாங்க, மொத்தமா 26 கிலோ வாங்க வசதி இருக்கறவங்க வரி இல்லாம வாங்கறாங்க. ஏழைங்க தரப்புல இருந்து ஒரு காகிதம் அந்த டேபிளுக்குப் போயிருந்தா இந்தக் கோளாறு அப்பவே கண்ணுல பட்டிருக்கும்.

தென்னை இன்னும் மோசம். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் 2018 நவம்பர் 16 கஜா புயல்ல தோப்பு தோப்பா சாய்ஞ்சது எல்லாருக்கும் தெரியும், திரும்ப நட்டு அது காய்ப்புக்கு வரவே வருஷக்கணக்கு. கொப்பரை விலையை எது தீர்மானிக்குதுன்னு கேட்டா பாதி பதில் மலேசியா, இந்தோனேசியா பாமாயில்ல இருக்கு. சுத்திகரிக்காத பாமாயிலுக்கு மொத்த இறக்குமதி வரி 2022ல 5.5 சதவீதத்துக்கு வந்துடுச்சு. 2024 செப்டம்பர்ல அதை 27.5 ஆக்கி, சுத்திகரிச்சதுக்கு 35.75 ஆக்கினாங்க. அடுத்து எண்ணெய்த் தொழில் சங்கங்க, குறிப்பா மும்பைல இருக்கற சால்வென்ட் எக்ஸ்ட்ராக்டர்ஸ் அசோசியேஷன், ரெண்டுக்கும் நடுவுல 8.25 சதவீத வித்தியாசம் பத்தாது, சுத்திகரிச்ச எண்ணெய் வந்து குவியுது, எங்க ஆலைங்க சும்மா கெடக்குது, இடைவெளியைக் கூட்டுங்கன்னு விடாம எழுதினாங்க. கூட்டறதுக்கு ரெண்டு வழி இருக்கு, சுத்திகரிச்சதுக்கு வரியை ஏத்தலாம், இல்ல சுத்திகரிக்காததுக்கு இறக்கலாம். விலைவாசியை நினைச்சு அரசு ரெண்டாவது வழியை எடுத்துச்சு, 2025 மே கடைசில சுத்திகரிக்காததுக்கு 16.5 ஆயிடுச்சு, இடைவெளி 19.25. ஆலைக்காரங்க கேட்ட இடைவெளி கிடைச்சுது. நுகர்வோருக்கும் விலை கொஞ்சம் அடங்கும். எண்ணெய் வித்து விளைவிக்கறவருக்கு இருந்த பாதுகாப்புல 11 சதவீதம் ஒரே நாள்ல போச்சு, அந்த உத்தரவு வந்த வாரம் பேராவூரணில எத்தனை தோப்புக்காரருக்கு இப்படி ஒண்ணு நடந்ததே தெரியும்? தேங்கா நல்ல விலைக்குப் போன சமயம்ங்கறதால யாரும் கவலைப்படல. விலை சரியறப்ப இது தெரியும். ரேஷன்ல பாமாயிலுக்குப் பதிலா தேங்காயெண்ணெய் குடுங்கன்னு நம்ம விவசாயிங்க ரொம்ப நாளா கேக்கறாங்க, அது மாநில அரசுகிட்ட கேக்கற கோரிக்கை, நியாயமானதும்கூட. ஆனா வரி விகிதம் தீர்மானமாகற டெல்லிக்கு நம்ம பக்கத்துல இருந்து கணக்கோட ஒரு பேப்பர் போறதில்ல.

இன்னொரு காரணமும் சட்டத்துலயே இருக்கு. வெளிநாட்டு சரக்கு அடிமாட்டு விலைக்கு வந்து கொட்டுதுன்னு பொருள்குவிப்பு வரி கேக்கணும்னா, மனுவை ஆதரிக்கற உற்பத்தியாளருங்ககிட்ட உள்நாட்டு உற்பத்தில குறைஞ்சது 25 சதவீதம் இருக்கணும். நாலு ஸ்டீல் கம்பெனி, மூணு கெமிக்கல் கம்பெனி ஒரு ரூம்ல உக்காந்தா அந்தக் கணக்கு வந்துடும். லட்சக்கணக்கான தோப்புக்காரங்க எந்த ரூம்ல உக்காருவாங்க? சிதறிக் கிடக்கறவங்களுக்கு அந்தக் கதவைத் திறக்கறது ரொம்பக் கஷ்டம்.

நாகப்பட்டினம் இறால் பண்ணை கதையை கட்டாயம் சொல்லணும், ஏன்னா கோர்ட்ல ஜெயிச்சாலும் என்ன ஆகும்ங்கறதுக்கு அதை விட தெளிவான உதாரணம் நம்ம மண்ணுல இல்ல. 1990கள் ஆரம்பத்துல கடலோரத்துல நெல்லு வெளைஞ்ச நிலமெல்லாம் இறால் குட்டையா மாறுச்சு, குடிதண்ணி உப்பாச்சு, கூலி வேலை போச்சு. சர்வோதயத் தலைவர் எஸ்.ஜகந்நாதன் 1994ல உச்ச நீதிமன்றம் போனாரு, 1996 டிசம்பர் 11ல நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள்ள இருக்கற வணிக இறால் பண்ணைகளை இடிக்கணும்னு தீர்ப்பு குடுத்துச்சு. நிலமில்லாத மக்கள் பண்ண பெரிய போராட்டத்துக்குக் கிடைச்ச வெற்றி. தொழில்காரங்க தரப்புல மறுஆய்வு மனு, இடிக்கறதுக்குத் தடை, 1997லயே அவங்களுக்கு சாதகமா நாடாளுமன்றத்துல ஒரு மசோதா, கடைசில 2005ல கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம். அந்தச் சட்டத்துல ஒரு பிரிவு, கடலோர மண்டலத் தடை இறால் வளர்ப்புக்குப் பொருந்தாது, அதுவும் அந்தத் தடை வந்த 1991 பிப்ரவரி 19ல இருந்தே பொருந்தாததா வச்சுக்கணும்னு முன்தேதி போட்டு எழுதியிருக்கு. தீர்ப்பு நின்ன அடித்தளத்தையே எடுத்தாச்சு. இன்னிக்கு அந்தக் குட்டைங்கள்ல வேலை பாக்கறதும் நம்ம ஜனங்கதான், இறால் ஏற்றுமதி நாட்டுக்குப் பெரிய வருமானம், அதையும் மறுக்கல. ஆனா பத்து வருஷம் விடாம டெல்லில வேலை பாத்தது யாரு, தீர்ப்போட ஊருக்குத் திரும்பினது யாருன்னு பாத்தா போதும்.

எல்லாத்துலயும் பெரியவங்க ஒரு பக்கம் நாம ஒரு பக்கம்னு நேர்க்கோடு போட முடியாதுங்கறதுக்கு பருத்தி. பஞ்சு இறக்குமதிக்கு 2021ல 11 சதவீதம் வரி போட்டாங்க, கோயம்புத்தூர்ல 1933ல இருந்து இருக்கற தென்னிந்திய மில்கள் சங்கமும் திருப்பூர் ஏற்றுமதியாளருங்களும் எடுங்கன்னு கேட்டாங்க, 2022ல சில மாசம் எடுத்தாங்க, அமெரிக்கா வரியைக் கூட்டினதும் திரும்பவும் 2025 ஆகஸ்ட் 19ல இருந்து வருஷக் கடைசி வரைக்கும் எடுத்தாங்க. திருப்பூர்ல வேலை போனா அங்க தையல் மெஷின்ல உக்காந்திருக்கற நம்ம டெல்டா பொண்ணுங்களுக்கும்தான் வேலை போகும். அதே சமயம் திருவாரூர் பக்கம் சம்பா தரிசுல கோடைப் பருத்தி போட்டவர், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல மறைமுக ஏலத்துல வர்ற விலையைப் பாத்து தலைல கை வைக்கறாரு. ரெண்டு பக்கமும் தமிழ்நாட்டுக்காரங்க, ரெண்டு பக்கமும் கஷ்டம், ஆனா ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் சங்கமும் அட்டவணையும் இருக்கு.

சின்னத் தொழிலுக்கும் இதே நெலமதான். துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் பெரிய கம்பெனிக்கு சப்ளை பண்ற யூனிட்டுங்களைக் கேளுங்க, பணம் வர்றதுல இருக்கற தாமதம்தான் முதல் புகாரா இருக்கும். 45 நாள்ல குடுக்கணும்னு 2006ல வந்த சிறு, குறு தொழில் சட்டமே சொல்லுது. குடுக்கலன்னா அந்தச் செலவை அந்த வருஷக் கணக்குல கழிக்க முடியாதுன்னு வருமான வரிச் சட்டத்துல விதி வர 2024 ஆச்சு. 18 வருஷம். தொழில் துறை சார்பா பேசற பெரிய சங்கத்துல வாங்கறவரும் உறுப்பினர், விக்கறவரும் உறுப்பினர், முன்வரிசைல உக்காந்திருக்கறது வாங்கறவரு.

இப்ப நாம ஜெயிச்சதைச் சொல்லணும். மீத்தேன் திட்டம், 2017ல நெடுவாசல், கதிராமங்கலம், எல்லாத்துலயும் எண்ணெய், எரிவாயு எடுக்க வேண்டாம்னு ஜனங்க தெருவுல நின்னாங்க, 2020 பிப்ரவரில பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்துச்சு, புதுசா எண்ணெய், எரிவாயு எடுக்கறது, உருக்காலை, தோல் தொழிற்சாலை எல்லாத்துக்கும் தடை. 2023 மார்ச் கடைசில வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்குன்னு மூணு நிலக்கரி பிளாக்கை மத்திய அரசு ஏலப் பட்டியல்ல போட்டுது, ஏப்ரல்ல விஷயம் தெரிஞ்சதும் ஊரே கொதிச்சுது, ஒரு வாரம் போகல, பட்டியல்ல இருந்து எடுத்தாங்க. எந்த முதலாளி சங்கமும் தடுக்க முடியாத வெற்றி இது. ஆனா அதுலயும் ஏற்கனவே ஓடிகிட்டு இருக்கற எண்ணெய்க் கிணறுங்க அப்படியே தொடரலாம்னு சட்டத்துலயே இருக்கு, வேளாண் மண்டலத்துக்கு என்ன தொழில் வேணும், அரவை, தவிடு எண்ணெய், தென்னை நார், வாழைநார், எதுக்கு எந்தச் சலுகைன்னு எழுதற வேலை இன்னும் பாதிலதான் நிக்குது. தலைமடைல மடையைத் திறக்கறவரு யாருன்னே தெரியாம கடைமடைல நின்னுகிட்டு தண்ணி வரலன்னு கேட்டா எத்தனை நாளைக்குக் கேக்க முடியும்.

வெளிப்படைத்தன்மை இன்னொரு பெரிய ஓட்டை. அமெரிக்கால 1995 சட்டப்படி யார் எந்த அரசு அமைப்புகிட்ட எதுக்காகப் பேசினாங்க, எவ்வளவு செலவுன்னு பதிவு பண்ணணும். 2012ல சில்லறை வணிகத்துல அந்நிய முதலீடு பத்தி இங்க சண்டை நடந்தப்ப, இந்திய சந்தைக்காகவும் வால்மார்ட் செலவு காட்டியிருக்குன்னு நமக்குத் தெரிஞ்சதே அமெரிக்கால அவங்க தாக்கல் பண்ண கணக்குல இருந்துதான், அப்புறம் இங்க ஓய்வுபெற்ற நீதிபதி முகுல் முட்கலை வச்சு விசாரணை போட்டாங்க. நம்ம நாட்டுல அந்த மாதிரி பதிவேடே கிடையாது. 2024 மார்ச்ல, கட்சிங்களுக்கு நன்கொடை குடுக்கப் பயன்பட்ட தேர்தல் பத்திர எண்களை வெளியிடச் சொல்லி உச்ச நீதிமன்றம் எஸ்பிஐயைக் கேட்டப்ப, ஃபிக்கி, அசோசெம் சார்பா வக்கீல் எழுந்து தடுக்கப் பாத்தாங்க, தீர்ப்பு வந்த பிறகு வர்றீங்களேன்னு நீதிமன்றம் கேக்க மறுத்துடுச்சு. யாரு குடுத்தாங்கன்னு ஜனங்க தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு ஒரு சங்கம் கோர்ட்டுக்குப் போறதை என்னால ஏத்துக்கவே முடியல, கொள்கை பத்தி அரசுகிட்ட பேசறதுக்கு அவங்களுக்கு முழு உரிமை இருக்கு, அதை மறைக்கறதுக்கு உரிமை இல்ல. சந்திப்பு எல்லாத்துக்கும் பதிவேடு வேணும், எந்த சங்கம் என்ன கேட்டுச்சு, எது ஏத்துக்கப்பட்டுச்சுன்னு பட்ஜெட்டோட சேர்த்து அரசே வெளியிடணும்.

தம்பி என்ன பண்ணலாம்னும் கேட்டிருந்தாரு. மத்திய சட்டம் எதுவா இருந்தாலும் வரைவை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்கணும்னு 2014ல இருந்து ஒரு கொள்கை இருக்கு, பல தடவை கடைப்பிடிக்கறதில்ல, ஆனா வைக்கறப்ப நம்ம பக்கத்துல இருந்து ஒரு கடிதம் கூட போறதில்லங்கறதும் உண்மை. வரி யோசனை கேட்டு நிதி அமைச்சகம் வெளியிடற கடிதத்துக்கு எந்த சங்கமும் பதில் போடலாம், ஃபிக்கி மாதிரி பெருசா இருக்கணும்னு விதி இல்ல. ஜிஎஸ்டின்னா மாநில வணிகவரித் துறைக்கும் மாநில நிதியமைச்சருக்கும் போகணும், கவுன்சில்ல நம்ம மாநிலத்தோட ஓட்டு அவங்ககிட்டதான் இருக்கு. விவசாயிங்க உற்பத்தியாளர் நிறுவனங்க இப்ப நம்ம மாவட்டங்கள்ல நிறைய இருக்கு, அதுல பத்து சேர்ந்து ஒரு ஆளை முழுநேரமா வச்சா போதும், வரிக்குறியீடு படிக்கத் தெரிஞ்ச ஒரு பி.காம் பையனோ பொண்ணோ. பாமாயில் 1511, தேங்காயெண்ணெய் 1513, இந்த ரெண்டு எண்ல மாசம் எவ்வளவு இறங்குதுன்னு அரசு இணையதளத்துலயே இலவசமா இருக்கு, அதோட பக்கத்துல பட்டுக்கோட்டை கொப்பரை விலையை எழுதி வச்சா ரெண்டு வருஷத்துல ஒரு பலமான மனு தயார். அடுத்த பட்ஜெட் முடிஞ்சதும் அந்த சங்கங்க முன்கூட்டியே வெளியிட்ட கோரிக்கைப் பட்டியலை எடுத்து, அன்னிக்கு வர்ற சுங்க அறிவிக்கையோட வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்க, நான் மேல எழுதினதுல எவ்வளவு சரின்னு நீங்களே முடிவு பண்ணலாம். தென்னை உற்பத்தியாளர் நிறுவனம் எதாவது இந்த வருஷம் மனு போடறதா இருந்தா அட்டவணை போட்டுத் தர நான் தயாரா இருக்கேன், காசு வேண்டாம், கொப்பரை விலைக்கணக்கு மட்டும் மூணு வருஷத்துக்கு எடுத்துட்டு வாங்க.